நாவலும் எழுதணும், மற்றதும் செய்யணும்: குமரி மாவட்டத்தில் எழுத வருபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் நடக்கும் வாசகர் கூட்டங்களில் எழுதத் தொடங்கியிருக்கும் பலரைப் பார்க்கிறேன். கல்லூரி மாணவர்கள், ஆசிரியைகள், வங்கி ஊழியர்கள், ரப்பர் வெட்டுக்குப் போகிறவர்கள், கடற்கரை ஊர்ப் பையன்கள். எல்லோர் கையிலும் பாதி எழுதிய நாவல் ஒன்று இருக்கிறது. கூடவே வேறு இரண்டு மூன்று வேலைகளும். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பதை அவர்கள் வாய்ச்சொல்லிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

நாவல் எழுதுறேன். கூடவே கவிதை, குறும்படம், யூடியூப் சேனல்னு இருக்கு. எல்லாத்தையும் ஒண்ணா செய்ய முடியுமா?

முடியும். ஆனால் நாவலை மற்ற வேலைகளோடு ஒரே வரிசையில் நிறுத்தினால் அது கடைசிக்குப் போய்விடும். குறும்படத்துக்கு நண்பர்கள் காத்திருக்கிறார்கள், கேமராவுக்கு முன்பணம் கொடுத்தாயிற்று. சேனலில் வாரா வாரம் வீடியோ வரவேண்டும். இதழில் கவிதை கேட்டால் தேதி சொல்லித்தான் கேட்பார்கள். நாவலுக்கு மட்டும் யாரும் காத்திருப்பதில்லை. கெடு உள்ள வேலை கெடு இல்லாத வேலையைத் தள்ளிவிடும். நாவல் நின்றுபோனதற்குத் தன் சோம்பேறித்தனம்தான் காரணம் என்று பலர் நொந்துகொள்கிறார்கள். பெரும்பாலும் காரணம் இதுதான்.

அதனால் வாரத்தில் நாவலுக்கான நேரத்தை முதலில் எடுத்து வைத்துவிடுங்கள். மற்றதெல்லாம் மிச்ச நேரத்தில். இன்னொன்று, நாவலோடு சேர்த்து ஒரு நேரத்தில் ஒரு வேலைதான். குறும்படம் முடிந்த பிறகு சேனல், சேனல் ஓய்ந்த பிறகு கவிதைத் தொகுப்பு. மூன்றையும் ஒன்றாகப் பிடித்தால் மூன்றும் இழுத்துக்கொண்டே போகும்.

ஒரு நாவல்னா எத்தனை பக்கம் இருக்கணும்?

சட்டம் எதுவும் கிடையாது. நாவல்கள் வழக்கமாக வரும் டெம்மி என்ற புத்தக அளவில் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 200 முதல் 250 சொற்கள் பிடிக்கும். 40,000 சொற்கள் எழுதினால் 160 முதல் 200 பக்கப் புத்தகம் கிடைக்கும். முதல் நாவலுக்கு அது நல்ல அளவு. நாளுக்கு 300 சொற்கள், வாரத்துக்கு ஐந்து நாள் என்று வைத்தால் ஏழு மாதத்துக்குள் முதல் வரைவு கையில் இருக்கும். கணக்கைப் பார்த்ததுமே பலருக்குப் பயம் குறைந்துவிடுகிறது.

வேலைக்குப் போயிட்டு வந்தா உடம்பு அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு. எப்போ எழுதுறது?

உங்கள் வேலையின் நேரத்தைப் பார்த்துத்தான் இதைச் சொல்ல முடியும். திருவனந்தபுரத்துக்கு ரயிலில் தினமும் போய் வருகிறவர்களுக்குக் காலைப் பயணமே எழுதும் நேரம். உட்கார இடம் கிடைத்தால் ஃபோனிலேயே ஒரு பக்கம் எழுதலாம். மாலை ரயிலில் எழுத முயலாதீர்கள், அது படிப்பதற்குத்தான் ஆகும். ரப்பர் பால் வெட்டுக்குப் போகிறவர்கள் விடியுமுன் எழுந்து காலையிலேயே வேலையை முடிக்கிறார்கள். அவர்களுக்கு மதியத் தூக்கத்துக்குப் பிந்திய ஒரு மணி நேரம் சரிப்படும். மரம் இலையுதிர்த்து வெட்டு நிற்கும் வாரங்களை நாவலின் கனமான அத்தியாயங்களுக்கு வைத்துக்கொள்ளலாம்.

குழந்தைகள் உள்ள பெண்கள் சொல்வது வேறு கதை. அவர்களுக்கு நேரம் கிடைப்பதில்லை, வீட்டில் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. வாரத்தில் இரண்டு நாள் மாலை ஒரு மணி நேரம் குழந்தைகளை வேறொருவர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கூச்சமில்லாமல் கேளுங்கள். "கதை எழுதப் போறேன்" என்று சொல்லத் தயங்கிக் கேட்காமலே விடுகிறவர்கள் நிறையப் பேர். கேட்ட சில வீடுகளில் மாமியாரே முன்வந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஃபோன்ல எழுதலாமா, நோட்டுலயா, லேப்டாப்லயா?

எதில் வருகிறதோ அதில். யூனிகோடில் இருக்கட்டும், கூகுள் டாக்ஸ் போல இணையத்தில் தானாகச் சேமிக்கும் இடத்தில் இருக்கட்டும். மாதம் ஒருமுறை கோப்பை உங்களுக்கே மின்னஞ்சலில் அனுப்பி வையுங்கள். குரல் தட்டச்சு வசதியானதுதான், ஆனால் நம் ஊர்ப் பேச்சை அது பொதுத் தமிழுக்கு மாற்றிவிடும், அல்லது கண்டபடி எழுதிவிடும். உரையாடல்களைக் கையால் தட்டுவது நல்லது.

நாவல் பாதியில இருக்கும்போது புதுசா இன்னொரு கதை தோணுது. அதுதான் இதைவிட நல்லா இருக்கு. மாறிடலாமா?

நாவலின் நடுப்பகுதியில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் இது வருகிறது. புதிய கதையில் இன்னும் சிக்கல் எதுவும் வரவில்லை, அதனால் அழகாகத் தெரிகிறது. ஒரு பக்கத்துக்கு மேல் போகாமல் அதைக் குறித்து வையுங்கள்: யார், எங்கே, என்ன நடக்கிறது, எந்த வரி முதலில் மனதில் வந்தது. தேதி போட்டு மூடிவிட்டு நாவலுக்கு வாருங்கள்.

இரண்டு மாதம் கழித்தும் அது விடாமல் துரத்தினால் அளவைப் பாருங்கள். சிறுகதை அளவு என்றால் ஒரு வாரத்தில் எழுதி முடித்துவிட்டுத் திரும்பலாம், நாவலுக்கு நட்டமில்லை. அது இன்னொரு நாவல் என்றால் காத்திருக்கட்டும்.

ஆறு மாசமா நாவலைத் தொடவே இல்லை. வேற வேலைக்குப் போயிட்டேன். இனி எப்படித் திரும்ப வர்றது?

முதல் பக்கத்திலிருந்து திருத்திக்கொண்டே வராதீர்கள். அப்படி வருகிறவர்கள் முதல் மூன்று அத்தியாயத்தையே மெருகேற்றிக் களைத்துப்போகிறார்கள். எழுதியதை ஒரே மூச்சில் படியுங்கள், பேனாவைக் கையில் எடுக்காமல். பிறகு கடைசியாக நிறுத்திய காட்சியில் ஆட்களைப் பேசவிட்டு ஒரு பக்கம் எழுதுங்கள். அந்தப் பக்கம் பின்னால் வெட்டுப்பட்டாலும் பரவாயில்லை, குரல் திரும்பக் கிடைத்துவிடும்.

இனி நிறுத்தும்போது ஒரு குறிப்பு எழுதிவிட்டு நிறுத்துங்கள்: அடுத்த காட்சி எங்கே நடக்கிறது, யாருக்கு என்ன தெரியும், யாருக்குத் தெரியாது. நான்கு வரி போதும்.

கோயில் கொடைக்கு வில்லுப்பாட்டு எழுதிக் கேக்கிறாங்க, சர்ச்ல கிறிஸ்மஸ் நாடகம் கேக்கிறாங்க. மாட்டேன்னு சொல்ல முடியலை.

மாட்டேன் என்று சொல்ல வேண்டாம் என்பதுதான் என் அபிப்பிராயம். எழுதியதை அடுத்த மாதமே நூறு பேர் உட்கார்ந்து கேட்கும் வாய்ப்பு எல்லா ஊர் எழுத்தாளருக்கும் கிடைப்பதில்லை. வில்லுப்பாட்டில் முன்னால் இருப்பவர் வீசுகோலால் வில்லைத் தட்டிக் கதையைச் சொல்லிக்கொண்டு போகிறார். பக்கத்தில் இருப்பவர் ஆமாம் போடுகிறார், கேட்பவருக்கு வரக்கூடிய சந்தேகத்தை அவரே கேட்கிறார். உடுக்கையும் குடமும் எங்கே ஓங்க வேண்டும், எங்கே அடங்க வேண்டும் என்பதைக் கதைதான் தீர்மானிக்கிறது. கூட்டம் எந்த இடத்தில் எழுந்து சாயாக் கடைக்குப் போகிறது என்று பின்னால் நின்று பாருங்கள். உங்கள் நாவலிலும் அதே போன்ற இடத்தில்தான் வாசகர் புத்தகத்தை மூடுவார்.

சொல்ல வேண்டியது கெடுவைப் பற்றித்தான். கொடைகள் பெரும்பாலும் பங்குனி, சித்திரையை ஒட்டி வருகின்றன. அதற்கு மாசிக்குள் கேட்கச் சொல்லுங்கள். கிறிஸ்மஸ் நாடகமென்றால் அக்டோபருக்குள். "டிசம்பர் பத்தாம் தேதி வந்து கேட்டா என்னால முடியாதுண்ணே" என்று முன்கூட்டியே சொல்லிவைத்தால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். நாடக ஒத்திகைக்கும் நீங்களே போய் நிற்க வேண்டும் என்றில்லை. எழுதிக் கொடுப்பதோடு உங்கள் பங்கு முடிந்தது என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.

எங்க ஊர் பேச்சுல எழுதினா மதுரைக்காரங்களுக்கும் சென்னைக்காரங்களுக்கும் புரியுமா?

புரியும். நீல. பத்மநாபனின் 'தலைமுறைகள்' 1968-இல் இரணியல் பேச்சோடு வந்தது. தமிழ்நாடு முழுக்கப் படித்தார்கள். பேச்சுவழக்கு வாசகரைத் துரத்துவதில்லை. ஒரே பக்கத்தில் புரியாத பத்துச் சொல்லைக் கொட்டினால்தான் ஓடுகிறார்கள். "வெள்ளம் குடிக்கியா மக்கா" என்று பாட்டி செம்பை நீட்டினால் வெள்ளம் என்றால் குடிக்கும் தண்ணீர் என்று வாசகருக்குத் தெரிந்துவிடும். அடைப்புக்குறிக்குள் பொருள் போட்டால் பாட்டி பேசுவது நின்று நீங்கள் பேச ஆரம்பித்துவிடுவீர்கள்.

நம் மாவட்டத்துக்கு ஒரே பேச்சு கிடையாது என்பதையும் மறக்கக் கூடாது. தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கத்து நாஞ்சில் நாட்டுப் பேச்சு ஒன்று. விளவங்கோட்டில் மலையாளம் கலந்து வருவது வேறொன்று. கடற்கரையில் ஊருக்கு ஊர் இழுவை மாறும். களியக்காவிளையில் பிறந்தவரைச் சுசீந்திரத்துக்காரர் போலப் பேசவைத்தால் இங்கே உள்ளவர்கள் உடனே பிடித்துவிடுவார்கள்.

அதோடு, ஒருவர் முதல் அத்தியாயத்தில் "எனக்க வீடு" என்றும் பத்தாவது அத்தியாயத்தில் "என்னோட வீடு" என்றும் சொன்னால் அது கவனக்குறைவு. சென்னையில் வேலை பார்த்துத் திரும்பியவர் அம்மையிடம் "எனக்க" என்றும், அலுவலக ஃபோன் வந்ததும் "என்னோட" என்றும் சொன்னால் அவரை வாசகருக்கு நன்றாகத் தெரிந்துவிடும். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் இப்படி ஐந்தாறு சொற்களைத் தனியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்துத் திரும்பி வரும்போதும் (முன்பு சொன்னேன்) அந்தத் தாள் பெரிய உதவி.

எவ்வளவு ஆராய்ச்சி பண்ணணும்? எனக்குத் தெரிஞ்ச ஊர்தானே?

தெரிந்த ஊர் என்பதால்தான் பிழை நுழைகிறது. கடற்கரை நாவல்களின் வரைவில் நான் அடிக்கடி பார்ப்பது மீன்பிடித் தடைக்காலம். நம் மாவட்டத்தில் அது இரண்டு. சின்னமுட்டம் கிழக்குக் கடற்கரைக் கணக்கில் வருவதால் அங்கே விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடை. குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் மேற்குக் கடற்கரை, ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. உங்கள் நாயகன் மே மாதம் குளச்சலிலிருந்து விசைப்படகில் கடலுக்குப் போகலாம், சின்னமுட்டத்திலிருந்து போக முடியாது. கட்டுமரத்துக்கும் வள்ளத்துக்கும் இந்தத் தடை இல்லை. கதை 1980-களில் நடக்கிறதென்றால் இந்தத் தடையே கிடையாது. ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு கடல், இரண்டு தடைக்காலம் என்பது எவ்வளவு நல்ல கதைப்பொருள்! ஒரே குடும்பத்தில் அண்ணன் சின்னமுட்டத்திலும் தம்பி குளச்சலிலும் படகில் போகிறார்கள் என்று வைத்துப் பாருங்கள்.

பழைய காலக் கதையென்றால் கொல்லம் ஆண்டு (மலையாள ஆண்டுக் கணக்கு) வந்து நிற்கும். 1956 நவம்பர் 1 அன்றுதான் நாம் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். அதற்கு முந்திய திருவிதாங்கூர் காலத்து ஆதாரங்களில் கொல்லம் ஆண்டைக் காணலாம். அதோடு 825-ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும். சிங்க மாதம் (நம் ஆவணி) பிறந்து டிசம்பர் முடியும் வரை உள்ள மாதங்களுக்கு 824-ஐக் கூட்ட வேண்டும். திருவிதாங்கூரில் 1924 ஜூலையில் வந்த பெருவெள்ளத்தைத் தொண்ணூற்றொன்பது வெள்ளம் என்பார்கள், அது கொல்லம் 1099. பாட்டி "தொண்ணூத்தொம்பதுல" என்றால் எந்தத் தொண்ணூற்றொன்பது என்று கேட்டுக்கொள்ளுங்கள். வயல் கதையில் நெல் எந்தப் போகம், கன்னிப்பூவா கும்பப்பூவா என்பதும் இப்படித்தான், அறுவடை எந்த மாதம் என்பது மாறிப்போகும்.

ஆனால் விசாரித்து முடித்த பிறகுதான் எழுதுவேன் என்று உட்காராதீர்கள். தெரியாத இடத்தில் ஒரு அடையாளம் போட்டுவிட்டு மேலே எழுதுங்கள். அடையாளங்கள் பத்து சேர்ந்ததும் ஒரு நாள் கிளம்பிப் போய்க் கேளுங்கள். சேனல் வைத்திருப்பவர்கள் வீடியோவுக்காக எடுக்கும் பேட்டியிலேயே நாவலுக்கானதையும் கேட்டுவிடலாம். கதைக்கும் பயன்படுத்துவேன் என்று பேசுபவரிடம் சொல்லிவிட்டுக் கேளுங்கள், அவ்வளவுதான்.

சொந்தக்காரங்க கதையை எழுதினா வீட்டுல பிரச்சனை வராதா?

வரலாம். நம் ஊர்கள் சின்னவை. பெயரை மாற்றினாலும் "கிணற்றடி வீட்டு மாமா" யார் என்று எல்லோருக்கும் தெரியும். பெயரை மாற்றுவதைவிட ஆளை மாற்றுங்கள். இரண்டு மூன்று பேரின் குணத்தை ஒருவரில் சேர்த்து, தொழிலையும் ஊரையும் வேறாக்குங்கள். அப்படிச் செய்யும்போது பாத்திரமும் பெரும்பாலும் நன்றாகவே வரும். உயிரோடிருப்பவரை அடையாளம் தெரியும்படி இழிவாகக் காட்டினால் அவதூறு வழக்குக்கு இடமுண்டு. இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 356-ஆம் பிரிவு.

சாதி, மத மோதல்களைத் தொடுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 1982-இல் இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இடையே நடந்த மண்டைக்காடு கலவரத்தின் காயம் இரண்டு பக்கத்து வீடுகளிலும் இன்னும் இருக்கிறது. எழுதக்கூடாது என்று நான் சொல்ல மாட்டேன், எழுதத்தான் வேண்டும். உங்கள் பக்கத்துக் கதையை மட்டும் கேட்டு வளர்ந்திருக்கிறீர்கள் என்றால், மற்றப் பக்கத்து வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து கேட்ட பிறகு எழுதுங்கள்.

அத்தியாயத்தை ஃபேஸ்புக்ல போட்டா யாராவது திருடிட்டா?

எழுதிய கணத்திலேயே பதிப்புரிமை உங்களுடையது. 1957-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு கட்டாயமில்லை. விரும்பினால் செய்யலாம். உங்கள் வாழ்நாளும் அதற்குப் பின் 60 ஆண்டுகளும் அந்த உரிமை இருக்கும். தேதியுள்ள மின்னஞ்சல் நகல்களை (முன்பே சொன்னவை) அழிக்காதீர்கள்.

திருட்டைவிட எனக்குக் கவலை தரும் விஷயம் வேறு. வரைவு நிலையில் அத்தியாயங்களைப் போடுகிறவர்கள், எந்த அத்தியாயத்துக்கு விருப்பக்குறி அதிகம் விழுந்ததோ அதைப் போலவே அடுத்ததையும் எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். சிறுகதையை இதழுக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் அதையும் வெளியே போடாதீர்கள், பல இதழ்கள் எங்கும் வெளிவராத கதையைத்தான் கேட்கின்றன.

ஃபிரண்டு என் நாவல்ல ஒரு பகுதியைக் குறும்படமா எடுக்கிறேங்கிறான். குடுக்கலாமா?

கொடுக்கலாம். வாய்ச்சொல்லாக மட்டும் கொடுக்காதீர்கள். உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். எத்தனை காலத்துக்கு என்று எழுதாவிட்டால் சட்டம் அதை ஐந்து ஆண்டு என்று எடுத்துக்கொள்ளும், எந்த நிலப்பரப்புக்கு என்று எழுதாவிட்டால் இந்தியா முழுவதும் என்று கொள்ளும். அதனால் ஒரு தாளில் தெளிவாக எழுதுங்கள்: இந்த அத்தியாயம், இந்த ஒரு குறும்படம், இத்தனை நிமிடம், இத்தனை ஆண்டு, கதை என்று இன்னார் பெயர் வரும். நாவலை முழுநீளப் படமாக்கும் உரிமை உங்களிடமே இருக்கிறது என்றும் ஒரு வரி சேருங்கள். நட்பு கெட்டுவிடும் என்று பயப்பட வேண்டாம். தாள் இல்லாமல் தொடங்கிய படங்களில்தான் மனக்கசப்பு வருகிறது.

திரைக்கதையையும் நீங்களே எழுதுவது என்றால் முதல் கேள்விக்குச் சொன்னதை நினைவில் வையுங்கள். அந்த மாதங்களில் அதுதான் உங்கள் மற்றொரு வேலை.

ஏஐ-கிட்ட குடுத்து எழுத வைக்கலாமா?

எழுத்துப் பிழை பார்க்க, கொல்லம் ஆண்டுக் கணக்கைச் சரிபார்க்க வைத்துக்கொள்ளுங்கள். வாசகர் உங்களிடம் வருவது உங்கள் குரலுக்காக. காட்சியை நீங்கள்தான் எழுத வேண்டும்.

எனக்கு 38 வயசு. இளம் எழுத்தாளர் விருதுக்கெல்லாம் வயசு தாண்டிடுச்சே?

சாகித்திய அகாதமியின் யுவ புரஸ்கார் 35 வயது வரையுள்ளவர்களுக்கு. நம் மாவட்டத்திலிருந்து மலர்வதி 2012-இலும் ராம் தங்கம் 2023-இலும் அதைப் பெற்றார்கள். அந்த வயதுக்குள் இருப்பவர்கள் விருதுக்காக அவசரப்பட்டு அச்சுக்குக் கொடுக்க வேண்டாம். தாண்டியவர்கள் தேங்காய்ப்பட்டணத்தைப் பாருங்கள்: 1944-இல் அங்கே பிறந்த தோப்பில் முஹம்மது மீரானின் முதல் நாவல் 1988-இல்தான் நூலாக வந்தது. வியாபாரம் செய்துகொண்டே எழுதினார். 1997-இல் அகாதமி விருதும் வாங்கினார்.

முடிச்சாச்சு. பதிப்பகத்துக்கு அனுப்பினா பணம் கட்டச் சொல்றாங்க. என்ன செய்ய?

முதலில் இரண்டு பேருக்குப் படிக்கக் கொடுத்தீர்களா? ஒருவர் உங்கள் ஊர்க்காரர், பேச்சையும் தகவலையும் பிடிப்பார். இன்னொருவர் மாவட்டத்துக்கு வெளியே உள்ளவர், கதை எங்கே புரியவில்லை என்று சொல்வார். "நல்லாருக்கா" என்று கேட்காமல் "எந்த இடத்துல நிறுத்திட்டீங்க" என்று கேளுங்கள்.

பிறகு யூனிகோடில் தட்டிய கோப்பு, ஒரு பக்கக் கதைச்சுருக்கம், உங்களைப் பற்றி நான்கு வரி. இவ்வளவுதான் தேவை. சென்னைப் புத்தகக் காட்சி ஜனவரியை ஒட்டி வருவதால் அக்டோபரிலிருந்து பதிப்பாளர்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது, பிப்ரவரிக்கு மேல் அனுப்புங்கள். பதில் வர மாதங்கள் ஆகும். அந்தக் காத்திருப்புக் காலம்தான் கவிதைத் தொகுப்புக்கும், குறித்து மூடிவைத்த அந்த இன்னொரு நாவலுக்கும் உரிய நேரம்.

பணம் கேட்டால், எதற்கு எவ்வளவு என்று வாங்கிப் பாருங்கள்: மெய்ப்பு, அட்டை, பக்க வடிவமைப்பு, அச்சு, எத்தனை பிரதி, உங்களுக்கு எத்தனை. புத்தகத்தின் அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என்-னுக்கென்று தனித் தொகை போட்டிருந்தால் காரணம் கேளுங்கள், இந்தியாவில் அது இலவசம். உங்கள் செலவில்தான் புத்தகம் வருகிறதென்றால் மின்னூல், மொழிபெயர்ப்பு, திரைப்பட உரிமைகளை அவர்களுக்கு எழுதிக் கொடுக்கக் காரணமே இல்லை. ஒப்பந்தத்தில் காலமும் எல்லையும் இருக்கிறதா என்று குறும்படக் கேள்விக்குச் சொன்னபடியே பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.